சமூகப்பணிப் படிப்புக்கு இணையம் வழியாக மாணவர்களைச் சேர்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கை நேரத்தில் எங்கள் துறைக்கு வரும் போன்களை நானே எடுப்பேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் முதுநிலைச் சமூகப்பணிப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. பற்றி ஒரு தகப்பனார் பேசினார். “மேடம், பொண்ணு எம்.எஸ்.டபிள்யூ.தான் படிப்பேன்னு பிடிவாதமா நிக்குது. சேவை செய்றதுக்கு எதுக்கு ரெண்டு வருசம் படிக்கணும்? மனசு இருந்தா போதாதா?” என்றார். குரலில் கோபமில்லை. மகளின் இரண்டு ஆண்டுகள் என்ன ஆகுமோ என்ற கவலைதான் இருந்தது. இருபது நிமிடம் பேசினேன். போனை வைத்ததும் எங்கள் துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கட்டடத்தின் படம், தொலைநோக்கு, குறிக்கோள், பேராசிரியர்களின் பட்டங்கள், தரவிறக்கிப் படிக்க வேண்டிய பாடத்திட்டம். அந்த இருபது நிமிடத்தில் நான் சொன்ன ஒரு வரிகூட அங்கே இல்லை.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை வரிசைப்படி எழுதுகிறேன். விளம்பரத்துக்கென்று தனி ஆள் இல்லாமல், வகுப்பும் களப்பணி மேற்பார்வையும் முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் இந்த வேலையையும் பார்க்கும் சமூகப்பணி ஆசிரியர்களுக்காக இது. மற்ற படிப்புகளுக்குச் சொல்லப்படும் உத்திகள் நமக்கு முழுதாகப் பொருந்தா. நம் படிப்பில் பெரும்பங்கு வகுப்புக்கு வெளியே, துன்பத்தில் இருக்கும் மனிதர்களுக்கு நடுவே நடக்கிறது. அதைக் காட்டாமல் படிப்பைப் புரியவைக்க முடியாது. காட்டும்போது அந்த மனிதர்கள் யாரும் காட்சிப்பொருளாகிவிடவும் கூடாது. கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டையும் சேர்த்தே யோசித்திருக்கிறேன்.

படி 1: முதலில் கேள்விகளைச் சேகரியுங்கள்

போஸ்டர் வடிவமைப்பதற்கு முன், ரீல்ஸ் எடுப்பதற்கு முன், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அலுவலகப் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். யார் என்ன கேட்டாலும், அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி வையுங்கள். “இதைப் படிச்சா கவர்ன்மென்ட் வேலை கிடைக்குமா?”, “பொண்ணு தனியா வெளியூருக்குப் போகணுமா?”, “நான் பி.காம்., சேரலாமா?”, “இது சைக்காலஜியா?” இரண்டு வாரத்தில் முப்பது நாற்பது கேள்விகள் சேரும். அவற்றில் பாதி ஒரே கேள்வியின் பல வடிவங்களாக இருக்கும். உங்கள் இணையப் பக்கத்துக்கான உள்ளடக்கம் அதுவே.

அடுத்து முதலாண்டு மாணவர்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள். எங்கள் துறையை முதலில் எங்கே பார்த்தீர்கள், வேறு எந்தப் படிப்புக்குப் போக இருந்தீர்கள், சேர்வதா வேண்டாமா என்று தயங்கிய நாளில் யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்கள் மாணவர்களில் பலரும் சொன்னது, அத்தையோ பக்கத்து வீட்டு அண்ணனோ “அது என்.ஜி.ஓ. வேலைதானே, சம்பளமே வராது” என்று சொன்னதைத்தான். அந்த அத்தைக்கும் நம் பக்கத்தில் பதில் இருக்க வேண்டும்.

பிறகு தேடுபொறிக்குப் போங்கள். கூகுள் பெட்டியில் “எம்எஸ்டபிள்யூ படித்தால்” என்று தட்டச்சு செய்து நிறுத்திவிட்டு, கீழே விரியும் பரிந்துரைகளைப் படியுங்கள். கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அது தரும் 0 முதல் 100 வரையிலான எண்கள் தேடலின் எண்ணிக்கை அல்ல, ஒப்பீட்டளவு மட்டுமே. உங்கள் தளம் கூகுள் சர்ச் கன்சோலில் இணைக்கப்பட்டிருந்தால், மக்கள் எந்தச் சொற்களைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதை அதிலேயே இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் கணினிப் பிரிவிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் “சமூகப்பணி” என்கிறோம். வெளியே பலருக்கு அது “சமூக சேவை”. நம் துறையில் இரண்டும் ஒன்றல்ல என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் தேடுகிறவருக்கு அந்த வேறுபாடு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் நம்மிடம் வருகிறார். அதனால் பக்கத்தில் “சமூக சேவைக்கும் சமூகப்பணிக்கும் என்ன வித்தியாசம்?” என்று ஒரு துணைத்தலைப்பு வைத்து நான்கு வரியில் பதில் எழுதுங்கள். அவர் தேடிய சொல்லும் அங்கே இருக்கும், நாம் சொல்ல வேண்டியதும் இருக்கும். எம்.எஸ்.டபிள்யூ., சோஷியல் ஒர்க், சமூகநலப் படிப்பு என்று மக்கள் புழங்கும் சொற்களும் இயல்பாக எங்காவது வரட்டும்.

படி 2: துறையின் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். இன்ஸ்டாகிராமில் பார்த்தவரும், வாட்ஸ்அப்பில் லிங்க் வாங்கியவரும் கடைசியில் இந்தப் பக்கத்துக்குத்தான் வருவார்கள். இங்கே ஏமாந்தால் திரும்பி வரமாட்டார்கள்.

எங்கள் பழைய பக்கத்தின் முதல் வரி இப்படி இருந்தது: “சமூக மாற்றத்தின் தூதர்களை உருவாக்கும் உயரிய நோக்கோடு, அனுபவமிக்க பேராசிரியர்களால், உலகத்தரத்தில் நடத்தப்படும் படிப்பு.” கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டு வேறு கல்லூரியின் பெயரைப் போட்டாலும் அந்த வரி பொருந்தும். படிப்பின் பெயரை மாற்றினாலும் பொருந்தும். அதை எடுத்துவிட்டு இதை எழுதினோம்:

“வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் வகுப்பில் இருக்க மாட்டீர்கள். ஒரு மருத்துவமனையிலோ, பள்ளியிலோ, முதியோர் இல்லத்திலோ, குடியிருப்புப் பகுதியிலோ இருப்பீர்கள். பயிற்சிபெற்ற சமூகப்பணியாளர் ஒருவர் அங்கே உங்களுக்கு வழிகாட்டுவார். பார்த்ததையும் செய்ததையும் அறிக்கையாக எழுதுவீர்கள். அடுத்த வாரம் துறை ஆசிரியர் உங்களை உட்காரவைத்து அந்த அறிக்கையை வரி வரியாகப் படிப்பார்.”

இதைப் படித்ததும் சிலருக்குப் பயம் வரும், சிலருக்கு ஆசை வரும். இரண்டுமே நல்லது.

களப்பணியைப் பற்றி எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. எத்தனை மணி நேரம், எந்தெந்த வகை நிறுவனங்கள், போக்குவரத்துச் செலவு யாருடையது, ஊருக்கு வெளியே தங்கும் முகாம் எத்தனை நாள், பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கட்டும். அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் தரும் குழு, இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரமும் முதுநிலைக்கு 900 மணி நேரமும் களக்கல்வி வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. உங்கள் படிப்பின் கணக்கு வேறாக இருக்கலாம். அந்த எண்ணைக் கூட்டிக் கணக்கிட்டு, பக்கத்தின் மேற்பகுதியில் பெரிதாகப் போடுங்கள். வாரம் இரண்டு நாள் என்பதைவிட மொத்த மணிக்கணக்குதான் பெற்றோருக்கு உறைக்கிறது.

வேலைவாய்ப்பு என்ற தலைப்பின் கீழ் “ஏராளமான வாய்ப்புகள்” என்று எழுதாதீர்கள். பதவிகளின் பெயர்களையும், அந்தப் பதவியில் இருப்பவர் அன்றாடம் செய்யும் வேலையையும் எழுதுங்கள். மருத்துவ சமூகப்பணியாளர் என்றால் என்ன? புற்றுநோய் என்று தெரிந்த அன்றைக்கே சிகிச்சைச் செலவுக்கு எந்த உதவித் திட்டம் பொருந்தும் என்று தேடித் தருபவர், வீட்டுக்குப் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டமிடுபவர். இப்படி மனநலம், பள்ளி, குழந்தைகள் பாதுகாப்பு, சிறை சீர்திருத்தம், தொழிலாளர் நலம், முதியோர் பராமரிப்பு, பேரிடர் மறுவாழ்வு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும். உங்கள் முன்னாள் மாணவர்கள் உண்மையில் இருக்கும் வேலைகளை மட்டும் எழுதுங்கள்.

வெளிநாட்டு வேலை பற்றி எதையும் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ‘சோஷியல் ஒர்க்கர்’ என்பது சட்டப் பாதுகாப்புள்ள பதவிப்பெயர். அங்கே உரிய ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிம விதிகள் மாறும். “பட்டத்தை ஏற்பது அந்தந்த நாட்டு அமைப்பின் முடிவு” என்று நேராக எழுதிவிட்டால், பின்னால் ஒரு மாணவர் நம்மை நம்பி ஏமாறும் நிலை வராது.

“மனசு இருந்தா போதாதா” என்ற கேள்விக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அதற்கு நம் தொழிலின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. நியூயார்க்கில் ஏழைக் குடும்பங்களைத் தேடிப்போய் உதவிய தொண்டு அமைப்பு 1898இல் ஆறு வாரக் கோடைகாலப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. நல்ல மனம் படைத்தவர்கள் அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி விசாரிப்பது, யாருக்கு எந்த உதவி எப்போது பொருந்தும் என்பதைக் கற்றுத்தர வேண்டியிருந்தது. சமூகப்பணிக் கல்வி அங்கிருந்துதான் வளர்ந்தது. 2014இல் பன்னாட்டுச் சமூகப்பணியாளர் கூட்டமைப்பு ஏற்ற உலகளாவிய வரையறையும், சமூகப்பணியைத் தொழில் என்றும் கல்வித்துறை என்றும் இரண்டாகவும் சொல்கிறது. அந்தத் தகப்பனாருக்குப் போனில் இதைத்தான் சொன்னேன். இப்போது பக்கத்திலும் இருக்கிறது.

இனி தொழில்நுட்பம், சுருக்கமாக. கட்டணம், தகுதி, கடைசித் தேதி ஆகியவற்றை பி.டி.எஃப். கோப்புக்குள் புதைக்காமல் பக்கத்திலேயே எழுதுங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். கைபேசியில் பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பெரும்பாலும் முகப்பில் ஓடும் பெரிய படங்களைச் சிறிதாக்கினாலே பாதி வேகம் வந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும், அதைப் பார்க்க முடியாதவருக்குச் சொல்லில் விவரிக்கும் மாற்று உரை எழுதுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிப் பாடம் நடத்தும் துறையின் பக்கத்தை, திரைவாசிப்பான் வைத்திருக்கும் மாணவர் படிக்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய தவறு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 3: படங்களும் ஒப்புதலும்

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். எங்கள் மாணவர்கள் ஒரு குழந்தைகள் இல்லத்தில், பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்துச் செய்யும் ‘குழுப்பணி’ நடத்தினார்கள். பிள்ளைகள் தரையில் அமர்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அழகான படம். முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்திருந்ததால் சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துத் துறையின் முகநூல் பக்கத்தில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் இல்லத்தின் கண்காணிப்பாளர் அழைத்தார். “மேடம், ஜன்னலுக்கு மேல எங்க போர்டு தெரியுது. நீல ரிப்பன் கட்டியிருக்கிற பிள்ளை இங்க இருக்கிறது அவங்க வீட்டாளுங்களுக்குத் தெரியக் கூடாது.” உடனே நீக்கினேன். அந்தக் குழந்தைக்கு எந்தத் தீங்கும் வரவில்லை. ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்த ரிப்பனை அவள் அம்மா ஒரு நொடியில் அடையாளம் கண்டிருப்பாள்.

அதன்பின் எங்கள் துறையில் ஒரே விதி: பயனாளிகள் எந்தப் படத்திலும் இல்லை. முகத்தை மங்கலாக்கியும் இல்லை, முதுகைக் காட்டியும் இல்லை. “அவர்களே சம்மதித்தார்களே” என்று கேட்கலாம். உதவி பெறும் இடத்தில் இருப்பவர், உதவி தரும் இடத்தில் இருப்பவரிடம் முடியாது என்று சொல்வது எளிதல்ல. அந்தச் சம்மதத்தை முழுச் சம்மதமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பன்னாட்டு அமைப்புகள் 2018இல் ஏற்ற சமூகப்பணி அறநெறிக் கோட்பாடுகளில் தொழில்நுட்பத்தையும் சமூக ஊடகத்தையும் அறத்தோடு பயன்படுத்துவது தனிக் கோட்பாடாகவே இருக்கிறது. மாணவருக்கு வகுப்பில் சொல்லித்தருவதைத் துறையின் பக்கத்தில் நாமே மீறக் கூடாது.

அப்படியானால் எதைப் படம் எடுப்பது? நிறைய இருக்கிறது. திறன் பயிற்சி வகுப்பில் ஒருவர் பயனாளியாகவும் ஒருவர் சமூகப்பணியாளராகவும் நடித்துப் பழகும் காட்சி. ஊர் மக்களை ஒன்றுதிரட்டக் கற்கும் சமுதாய அமைப்பாக்கப் பயிற்சிக்காகத் தரையில் சாக்பீஸால் ஊர் வரைபடம் போடும் மாணவர்களின் கைகள். சிவப்பு மையில் ஆசிரியர் குறிப்பு எழுதிய களப்பணி அறிக்கையின் ஒரு மூலை, பெயர்களை மறைத்துவிட்டு. வாரக் கலந்தாய்வில் ஒரு மாணவி பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வட்டம். களப்பணிக்குக் கிளம்பும் காலையில் தோளில் பையோடு நிற்கும் நான்கு பேர். எங்கள் பக்கத்தில் அதிகம் பகிரப்பட்ட படம் அந்த அறிக்கைதான். “இவ்வளவு எழுதணுமா?” என்று பலர் கேட்டார்கள். ஆமாம், இவ்வளவு எழுத வேண்டும்.

மாணவர்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அதில் எழுதியிருக்கட்டும். படக் கோப்போடு சேர்ந்து பதிவாகும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுத் தளத்தில் ஏற்றுங்கள். படத்தை வெளியிடும் முன் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஒருமுறை பார்க்கட்டும், பின்னணியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும்.

படி 4: முன்னாள் மாணவர்களைப் பேசவிடுங்கள்

நாம் நூறு முறை சொல்வதைவிட, வேலையில் இருக்கும் ஒருவர் ஒருமுறை சொன்னால் நம்புவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க லிங்க்ட்இன் போதும். கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதிக்குப் போனால், அங்கே படித்தவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும். அதில் இல்லாதவர்களைப் பழைய வாட்ஸ்அப் குழுக்களில் தேடுங்கள்.

“எங்கள் கல்லூரியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் வாழ்த்துரைதான் வரும். கேள்வியை மாற்றுங்கள். போன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? படித்ததில் எது இன்றும் கைகொடுக்கிறது? எது உங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை? வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றிய நாள் உண்டா, மறுநாள் ஏன் போனீர்கள்?

எங்கள் முன்னாள் மாணவி ஒருவர், மனநலப் பிரிவில் வேலை செய்பவர், கடைசிக் கேள்விக்கு நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆறு மாசமா பேசாத ஒருத்தர், நான் கிளம்பும்போது ‘நாளைக்கு வருவீங்களா’ன்னு கேட்டார். அதனால போனேன்.” பின்னணி இசை இல்லை, மேசை விளக்கு வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்த வீடியோ. அந்த ஆண்டு நேர்காணலுக்கு வந்தவர்களில் பலர் அதைப் பற்றிப் பேசினார்கள். அவரும் அந்த நோயாளியின் பெயரையோ இடத்தையோ நோயையோ சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு நாங்கள் அதை நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

சம்பளம் பற்றியும் பேசட்டும். தொடக்கத்தில் குறைவாக இருந்தது என்றால் அதையும் சொல்லட்டும்.

படி 5: எந்த ஊடகம், எவ்வளவு

எல்லா இடத்திலும் கணக்கு தொடங்காதீர்கள். இரண்டு போதும். மாணவர்கள் இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ இருக்கிறார்கள். முடிவெடுப்பதில் பங்குள்ள பெற்றோர் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு பட்டம் தேடுபவர்களுக்கு லிங்க்ட்இன். உங்களிடம் யார் அதிகம் வருகிறார்களோ அவர்கள் இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் பதிவே இல்லாத பக்கத்தைப் பார்ப்பவருக்கு, துறையே மூடிவிட்டதோ என்று தோன்றும்.

வீடியோ என்றால் ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு நிமிடம். படி 1இல் சேர்த்த நாற்பது கேள்விகளும் நாற்பது வீடியோக்கள். சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள். பேருந்தில் ஒலியில்லாமல் பார்ப்பவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் அது ஒன்றே வழி. தானாக உருவாகும் சப்டைட்டிலை அப்படியே விடாமல் திருத்துங்கள். களப்பணி என்பதைக் ‘கலப்பணி’ என்று போட்டுவிடும்.

சிறப்பு நாட்கள் நம் துறைக்கு நிறைய உண்டு. மார்ச் மூன்றாம் செவ்வாய் உலகச் சமூகப்பணி நாள், ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள், அக்டோபர் 10 உலக மனநல நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள், டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள். அன்றைக்கு வாழ்த்து அட்டை போடாதீர்கள். அந்தத் துறையில் சமூகப்பணியாளர் என்ன செய்கிறார் என்று ஒரு நிமிடம் பேசிப் போடுங்கள். செப்டம்பர் 10, தற்கொலைத் தடுப்பு நாளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டுதல்களின்படி, இறந்த முறையை விவரிக்கக் கூடாது, அதை ஒரு தீர்வாகக் காட்டக் கூடாது, உதவி கிடைக்கும் இடத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேறு எந்தத் துறையின் பக்கத்துக்கும் இவ்வளவாக வராத ஒன்று நம் பக்கத்துக்கு வரும். சமூகப்பணி என்ற பெயரைப் பார்த்து, உதவி தேடும் ஒருவர் நள்ளிரவில் செய்தி அனுப்புவார். எங்களுக்கு வந்தது. “யாரிடமாவது பேச வேண்டும்” என்ற ஒரே வரி. பக்கத்தைப் பார்த்துக்கொண்ட மாணவர் காலையில்தான் கண்டார். பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தார். உடனே தொடர்புகொண்டோம், பேசினோம், உரிய இடத்துக்கு அனுப்பினோம். ஆனால் அந்த எட்டு மணி நேரம் யாரும் இல்லாமல் போனது உண்மை. ஆகவே கணக்கு தொடங்கும் நாளிலேயே இதைச் செய்துவிடுங்கள்: தானாகப் போகும் பதிலில், இது அவசர உதவிக்கான பக்கம் இல்லை என்பதும் உங்கள் பகுதியில் இயங்கும் உதவி எண்ணும் இருக்கட்டும். அந்த எண் இன்னும் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை நீங்களே அழைத்துப் பாருங்கள். பக்கத்தைக் கவனிக்கும் மாணவர் தானே ஆலோசகராக மாறிவிடாமல், எந்த ஆசிரியரை எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: இணையவழி அறிமுகக் கூட்டம்

சேர்க்கைக்கு முன் இரண்டு கூட்டம் நடத்துங்கள், ஒன்று மாணவர்களுக்கு, இன்னொன்று பெற்றோரும் சேர்ந்து கேட்கும்படி மாலையில். முக்கால் மணி நேரம் போதும். தலைவர் உரை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் படிப்பைப் பற்றி, பத்து நிமிடம் இப்போது படிக்கும் இரண்டு பேர் தங்கள் களப்பணி நாளைப் பற்றி, மீதி முழுவதும் கேள்விகள். பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்ப ஒரு படிவத்தின் லிங்க்கை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். “என் குடும்பத்திலேயே இந்தப் பிரச்சினை இருக்கிறது, நான் இந்தப் படிப்பைத் தாங்குவேனா?” என்ற கேள்வி அப்படித்தான் எங்களுக்கு வந்தது. அதைக் கேட்டவர் பெயர் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார். பதிவு செய்த வீடியோவை வரமுடியாதவர்களுக்கு அனுப்புங்கள், பங்கேற்றவர்களின் முகமும் பெயரும் தெரியும் பகுதியை வெட்டிவிட்டு.

படி 7: பணம் கொடுத்து விளம்பரம்

பக்கம் சரியாக இல்லாதவரை இதைத் தொடாதீர்கள். பக்கம் தயாரானதும், சேர்க்கை மாதத்தில் மட்டும், தேடுபொறியின் முடிவுகளோடு வரும் தேடல் விளம்பரத்தில் சிறிய தொகையிலிருந்து தொடங்குங்கள். தேடுகிறவர் ஏற்கெனவே அந்தப் படிப்பை நினைத்துக்கொண்டிருப்பவர் என்பதால், சமூக ஊடக விளம்பரத்தைவிட இதில் வீணாவது குறைவு. விலக்க வேண்டிய சொற்களின் பட்டியலையும் கொடுங்கள். வேலை தேடுபவர், நன்கொடை தேடுபவர், தேர்வு வினாத்தாள் தேடுபவர் எல்லாரும் அதே சொற்களைத் தட்டி வருவார்கள். விளம்பரத்தில் சோகமான குழந்தையின் முகம் வேண்டாம், விலைக்குக் கிடைக்கும் படமானாலும்.

படி 8: கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்

இதில்தான் பல துறைகள் மாணவர்களை இழக்கின்றன. படிவம் நிரப்பிய மாணவி நான்கு நாள் காத்திருக்கிறாள். அதற்குள் வேறு கல்லூரி அழைத்துவிடுகிறது. வேலை நாளில் அன்றைக்கே பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்களைச் சேமிக்கலாம். விசாரித்தவர், விண்ணப்பித்தவர், சேர்ந்தவர் என்று நிறக்குறிகள் போடலாம். சேமித்த பதிலை அப்படியே அனுப்பாமல் முதல் வரியில் அவர் கேட்டதைக் குறிப்பிடுங்கள். “வணக்கம், பி.காம். முடித்தவர்கள் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள்” என்று தொடங்கினாலே மனிதர் பேசுகிறார் என்று தெரியும்.

எண்ணைக் கொடுத்தவர் விசாரணைக்குத்தான் கொடுத்தார். அவரைக் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள். குழுவில் சேர்ந்தால் அவர் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இரண்டு முறை பின்தொடர்ந்தும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சேர்க்கை முடிந்ததும், சேராதவர்களின் விவரங்களை அழித்துவிடுங்கள். பயனாளியின் தகவலை எப்படிக் காக்க வேண்டும் என்று கற்றுத்தருபவர்கள் நாம்.

சிலர் பேசும்போதே தெரியும், அவர்களுக்கு வேண்டியது உளவியலோ சட்டமோ பொதுச் சுகாதாரமோ என்று. அதை அவர்களிடம் சொல்லுங்கள். அப்படி நான் வேறு படிப்புக்கு அனுப்பிய ஒரு பையன், இரண்டு ஆண்டு கழித்துத் தன் தங்கையை எங்களிடம் அழைத்துவந்தான்.

படி 9: எதை அளப்பது

பகிரும் ஒவ்வொரு லிங்க்கின் முடிவிலும், அது எங்கே பகிரப்பட்டது என்பதைக் குறிக்கும் யூ.டி.எம். குறிகளைச் சேர்த்தால், எந்த ஊடகத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கூகுள் அனலிட்டிக்ஸ் பிரித்துக் காட்டும். குறியீட்டுப் பெயர்களை முதலிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒருவர் ‘இன்ஸ்டா’ என்றும் இன்னொருவர் ‘இன்ஸ்டாகிராம்’ என்றும் போட்டால் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். விண்ணப்பத்தில் “எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?” என்று ஒரு கேள்வியும் வையுங்கள். ‘சீனியர் அக்கா சொன்னாங்க’ என்பதை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது.

லைக், ஃபாலோயர் எண்ணிக்கையைத் துறைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். விசாரித்தவர் எத்தனை, விண்ணப்பித்தவர் எத்தனை, சேர்ந்தவர் எத்தனை, முதல் செமஸ்டர் முடிவில் இருப்பவர் எத்தனை. இந்த நான்கு போதும். கடைசி எண்ணை நான் மிகவும் கவனிக்கிறேன். முதல் செமஸ்டரிலேயே விட்டுப்போகிறவர்களிடம் காரணம் கேட்டால், “இப்படி இருக்கும்னு தெரியாது” என்பார்கள். அப்போது குறை நம் பக்கத்தில் இருக்கிறது. களப்பணியின் கடினத்தை நாம் எங்கோ மென்மையாக எழுதியிருக்கிறோம், அல்லது எழுதவே இல்லை.

இதற்காக ஆண்டுக்கு ஒருமுறை ஒன்று செய்கிறோம். முதலாண்டு மாணவர்கள் களப்பணிக்குப் போய் ஒரு மாதம் ஆனதும், துறையின் இணையப் பக்கத்தை அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, கையில் சிவப்புப் பேனாவும் தருகிறோம். பொய்யாகத் தோன்றும் வரியை அடிக்க வேண்டும், விட்டுப்போனதை ஓரத்தில் எழுத வேண்டும். போன முறை ஏழு பேர் ஒரே இடத்தில் எழுதியிருந்தார்கள்: “அறிக்கை எழுத இரவு எவ்வளவு நேரம் ஆகும் என்று போடவில்லை.” அன்று மாலையே சேர்த்தோம்.